டி.டி.ஆர். பாவா தேடிக் கொடுத்த வெட்சி

ஆடிக் கிருத்திகை அன்று காலை, மலைப் படிக்கட்டின் முதல் படிக்கு நாலடி முன்னால், கறுப்புக் கோட்டு ஒன்றுதான் குறை, மற்றபடி அசல் டிக்கெட் பரிசோதகராக வலது கையை நீட்டிக்கொண்டு என் பாவா நின்ற நிற்பு இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. பாவா என்றால் என் அக்காவின் கணவர். திருத்தணியில் பாதி வீட்டில் தமிழும் பாதி வீட்டில் தெலுங்கும் புழங்குவதால் அத்தான் என்ற சொல் எங்கள் வாயில் வராது. அரக்கோணத்துக்கும் ரேணிகுண்டாவுக்கும் இடையே ஓடும் வண்டிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் டி.டி.ஆராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அழுதுகொண்டே அவரைப் பற்றி எழுதினால் அவருக்கே பிடிக்காது. ஆகவே நாங்கள் ஜெயித்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அன்றைக்கு அவர் கையை நீட்டி நிறுத்திக்கொண்டிருந்தது புஷ்பக் காவடி எடுத்து வந்தவர்களை. என்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்பீர்கள். அது புரிய வேண்டுமானால் என் வீட்டு முன்வாசல் மண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. இருபத்திரண்டு வருஷம் வாடகை வீட்டிலேயே காலம் ஓடியது. ஒரு வீட்டிலும் கையளவு மண் கிடையாது. ஓட்டை பக்கெட்டில் துளசி வைத்துக்கொண்டு, வகுப்பில் மட்டும் காடு மலை என்று முழங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் மலையடிவாரத்தில் சொந்தமாக ஒரு வீடு வாங்கினோம். கட்டி விற்றவர் பின்பக்கமும் பக்கவாட்டும் முழுக்க சிமெண்டு போட்டு மெழுகிவிட்டிருந்தார். முன்னால் மட்டும் ஒன்றரை சென்ட் மண், செம்மண்ணும் சரளைக்கல்லுமாக மிச்சம் இருந்தது. அந்த மண்ணைப் பார்த்த நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மண்ணுக்கே உரிய செடிகளைத்தான் வைப்பேன், வெளியூர்ச் சரக்கு ஒன்றும் உள்ளே நுழையக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். நொச்சி, ஆவாரை, நந்தியாவட்டை எல்லாம் பட்டியலில் இருந்தாலும் என் ஆசை முழுக்க வெட்சி மேல். முருகனுக்கு உகந்த பூ. அவர் காலடியில் வீடு வாங்கிக்கொண்டு அவர் பூவை வைக்காமல் இருப்பதா?

என் வீட்டுக்காரருக்கோ அந்த மண்ணைக் கண்டாலே ஆகாது. வங்கியில் வேலை, சட்டையில் ஒரு சுருக்கம் விழுந்தால் முகம் சுருங்கிப்போகிற மனிதர். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி, எந்த நேரமும் பாம்பு வரும் என்பார். டைல்ஸ் பதித்துவிட்டால் காரை நிறுத்தலாம், நிம்மதியாக இருக்கலாம் என்பது அவர் கட்சி. ‘வெச்சுப் பாரு. வந்தா சரி, வரலைன்னா டைல்ஸ்’ என்று ஒரு வாய்ப்புக் கொடுத்தார்.

நான் நேரே கனகம்மாசத்திரம் போனேன். நெடுஞ்சாலை ஓரத்து நர்சரியில் குரோட்டன்சும் பாம் மரமும் வரிசைகட்டி நின்றன. வெட்சி இருக்கிறதா என்று கேட்டதும், அதெல்லாம் எப்பவும் இருக்கும் மேடம் என்று நர்சரிக்காரர் ஆறு செடியைத் தூக்கி வைத்தார். மொட்டு விடாத குட்டைச் செடிகள். நானும் பெருமையாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து நட்டேன். காலையிலும் மாலையிலும் போர் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினேன். இலை வெளுத்து, மஞ்சளாகி, ஒவ்வொன்றாகச் செத்தது. மறுபடி ஆறு வாங்கினேன். அதில் ஐந்து போயிற்று. எதிர்வீட்டு அம்மா, பாடம் நடத்தறது வேற, செடி வளக்கறது வேற என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

வீட்டுக்காரர் மேஸ்திரியை அழைத்து வந்து வாசலை அளக்கச் சொல்லிவிட்டார். என் நல்ல காலம், இரண்டு நாளில் ஆடி பிறந்தது. எங்கள் பக்கத்தில் ஆடியில் புது வேலைக்குக் கைவைக்க மாட்டார்கள். மேஸ்திரிக்கு அதில் கொஞ்சமும் விட்டுக்கொடுத்தல் கிடையாது. ஆவணி முதல் தேதி சிமெண்டு இறங்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். என் மண்ணுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு மாதம்.

அக்கா சொல்லிக் கேள்விப்பட்டு பாவா வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் குந்தி உட்கார்ந்து, சாகாமல் இழுத்துக்கொண்டிருந்த ஒரே செடியையும் அதில் வாடி நின்ற ஒரு கொத்துப் பூவையும் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். வெட்சி என்று நான் சொன்னதும் தலையை ஆட்டினார். வருஷா வருஷம் கிருத்திகைக்கு நகரி பக்கத்திலிருந்து ரயிலேறும் காவடிக்காரர்களின் காவடியில் சிவப்பாக ஒரு பூ இருக்கும், அதன் இதழ் முனை வேல் மாதிரி கூராக இருக்கும், இது மொட்டையாக அல்லவா இருக்கிறது என்றார். எனக்குத் திக்கென்றது. உள்ளே ஓடிப் புத்தகத்தைப் புரட்டினேன். மனிதர் சொன்னது அட்சர சுத்தம். நம் வெட்சிக்குக் கூர் இதழ். தண்டோடு ஒட்டிய இலை. நான் வாங்கி வந்தது சீனத்து வகை. தாவரவியல் டீச்சர், பன்னிரண்டு செடி வாங்கியிருக்கிறேன், ஒரு இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“இன்னா டீச்சர், இலையைப் பாத்து வாங்கினியா, நர்சரிக்காரன் மூஞ்சியைப் பாத்து வாங்கினியா?” என்றார். அவரே தொடர்ந்தார். “சரி வுடு. எந்த ஸ்டேஷன்ல ஏறுச்சுன்னு தெரிஞ்சா போதும். கிருத்திகைக்கு எல்லாம் இங்கதான வருது? புடிச்சிடலாம்.”

இப்படித்தான் அந்தக் கிருத்திகைக் காலையில் படிக்கட்டின் அடியில் நாங்கள் போய் நின்றோம். மேளமும் அரோகராவும் காதைப் பிளக்க, காவடிகள் அலை அலையாக வந்தன. பாவா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பூவைப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் கையை நீட்டுவார். எந்த ஊர், பூ எங்கே பிடித்தது என்று தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம். முக்கால்வாசிப் பேர் மார்க்கெட்டில் வாங்கியது என்று சொல்லிப் போய்க்கொண்டே இருந்தார்கள். சிலர் முறைத்தார்கள். அவருடைய குரலில் என்ன இருந்ததோ, ஒரு பெரியவர் பயந்துபோய் மடியிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். பாவாவும் அதை வாங்கித் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். என் மாணவிகள் இரண்டு பேர் அந்த வழியே வந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு வணக்கம் சொன்னார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று நினைத்தேன்.

பதினோரு மணி வாக்கில் நாலு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவரின் காவடி முழுக்கச் செக்கச் சிவந்த பூ. கூர் இதழ். பாவாவின் கை நீண்டது. பூ எந்த ஊரது எனத் தெலுங்கில், “பூலு எக்கடிவி?” என்று கேட்டார். அந்த மனிதர் நிற்கவில்லை. காவடியைத் தோளில் ஏற்றினால் சந்நிதியில்தான் இறக்க வேண்டும். வழியில் நின்று கதை பேச முடியாது. அவர் பாட்டுக்கு ஏறத் தொடங்கினார். பாவா என்ன செய்தார் தெரியுமா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே ஏறினார். அறுபத்தாறு வயது, இடது முழங்காலில் தேய்மானம், டாக்டர் மாடிப்படியே ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தார். வேண்டாம் பாவா என்று பின்னாலேயே கத்தினேன். “ஓடுற வண்டியில டிக்கெட் பாத்தவன் நானு” என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். முந்நூற்று அறுபத்தைந்து படியும் அந்தக் காவடிக்காரரின் பக்கத்திலேயே நடந்து, மூச்சு வாங்க வாங்க, பத்துப் படிக்கு ஒரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போனார். மேலே போய் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தபோது அவரிடம் ஊர்ப் பெயர் இருந்தது, இறங்க வேண்டிய நிறுத்தம் இருந்தது, மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து வீடு என்ற அடையாளமும் இருந்தது. அந்த மனிதரின் காலில் விழலாமா என்று எனக்குத் தோன்றியது. பாவாவின் காலைத்தான் சொல்கிறேன்.

இரண்டு நாள் கழித்துப் போனோம். நகரியைத் தாண்டி, குன்றுகளின் அடியில் ஒரு சின்ன ஊர். மாட்டுக் கொட்டகைக்கு வேலியாக ஆள் உயரத்துக்கு வெட்சி நின்றது. வேலி முழுக்க நெருப்பு பிடித்த மாதிரி பூ. அந்த வீட்டுக்கார அம்மா, தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர், எதற்கு இந்த டவுன்காரி வேலியைப் பார்த்துக் கண் கலங்குகிறாள் என்று விழித்தார்.

விலைக்குத் தாருங்கள் என்றார் பாவா. வேலியை யாராவது விற்பார்களா, வேண்டியதை ஒடித்துக்கொண்டு போங்கள் என்று அந்த அம்மா சிரித்தார். பாவாவோ ஒரே பிடியாக நின்றார். சர்வீசில் ஒரு டீகூட ஓசியில் குடிக்காதவர், செடியை மட்டும் ஓசியில் வாங்கிவிடுவாரா? இப்படி இவர் நீட்ட அவர் மறுக்க, கடைசியில் அந்த அம்மா கொஞ்சம் வெட்கத்தோடு ஒன்று கேட்டார்.

“டவுன்ல ஓட்டல் வாசல்ல குட்டையா, மஞ்சளா பூத்துக்கினு இருக்குமே ஒரு செடி. அது ஒண்ணு கொணாந்து குடுங்க. இந்தச் செவப்பைப் பாத்துப் பாத்து கண்ணு பூத்துப்போச்சு.”

எந்த நர்சரி வெட்சியிடமிருந்து தப்பி ஓடி வந்தேனோ, அதைத்தான் கேட்டார்! பாவா என்னைப் பார்க்க, நான் பாவாவைப் பார்க்க, இருவரும் மாட்டுக் கொட்டகை அதிரும்படி சிரித்தோம். மறு வாரமே கனகம்மாசத்திரத்தில் நல்ல மஞ்சள் செடியாக இரண்டு வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். பச்சைப் பிள்ளையை வாங்குவது போல அந்த அம்மா கையை ஏந்தி வாங்கிக்கொண்டார். எங்களுக்காக மூன்று கிளையை வளைத்து மண்ணில் புதைத்து, மேலே கல் வைத்துப் பதியம் போட்டிருந்தார். ஐப்பசி மழையில் வந்து வெட்டிக்கொண்டு போகச் சொன்னார். போர் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது, உப்புத் தண்ணீர் அதற்கு விஷம், அரிசி கழுவின தண்ணீர் போதும் என்றார். நான் ஏன் பதினொரு செடியைக் கொன்றேன் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

ஆனால் ஐப்பசிக்கு முன்னால் ஆவணி வருமே. பாவாதான் வந்து என் வீட்டுக்காரரிடம் பேசினார். “சகலை, ஒரு வருஷம் குடு. அடுத்த கிருத்திகைக்குள்ள ஒரு கொத்து பூக்கலேன்னா, நானே வந்து சிமெண்டு கலக்கறேன்” என்றார். முழங்கால் வீங்கிக் கட்டுப் போட்டிருந்த மனிதரிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மேஸ்திரி ஒரு வருஷம் தள்ளிவைக்கப்பட்டார்.

ஐப்பசியில் மூன்று செடியும் வந்தன. மழைக்காலம் முழுக்கக் கொழுகொழுவென்று இருந்தன. சித்திரை வெயிலில் ஒன்றின் இலை சுருண்டதும் எனக்குப் பொறுமை போய்விட்டது. அரிசித் தண்ணீர் எந்த மூலைக்கு என்று, யாருக்கும் தெரியாமல் போர் தண்ணீரை ஓஸ் பைப்பில் பிடித்து விட்டேன். நாலே நாளில் மூன்றும் வெளுத்தன. வீட்டுக்காரர் டைல்ஸ் புத்தகத்தை மட்டும் எடுத்து மேசைமேல் வைத்தார். நான் போன் செய்ததும் பாவா காலை ரயிலில் வந்து இறங்கினார். மண்ணைத் தொட்டார், ஈரமாக இருந்த ஓஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பரீட்சையில் காப்பி அடித்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நின்றேன். திட்டவே இல்லை. ஓஸை வட்டமாகச் சுருட்டிக் கட்டி, தோளில் மாட்டிக்கொண்டு அரக்கோணத்தில் இருக்கும் தன் வீட்டுக்கே எடுத்துப்போய்விட்டார்.

அதன்பிறகு நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். எதிர்வீட்டு அம்மாவிடமே வெட்கத்தை விட்டு அரிசித் தண்ணீர் கேட்டேன். அவரும் தினமும் எடுத்து வைத்தார். காய்ந்த சருகை வேரைச் சுற்றிப் பரப்பினேன். ஒரு செடி போய்விட்டது. இரண்டு தளிர்த்தன. ஆனி கடைசியில் நுனியில் ஊசிமுனை ஊசிமுனையாக மொட்டு. கிருத்திகைக்கு மூன்று நாள் முன்னால், விடிந்து கதவைத் திறந்தால் ஒரு கொத்து முழுசாக விரிந்திருந்தது. கூர் இதழ்! வாசலிலேயே நின்று வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கத்திவிட்டேன். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை. வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்து மேஸ்திரியிடம், இங்கே செடி இருக்கிறது, டைல்ஸ் வேண்டாம் என்று சொன்னார். தகவல் கேட்டு அடுத்த ரயிலிலேயே வந்து இறங்கிய பாவாவுக்கு வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. முழங்கால் வலியோடு அந்தச் செடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து, போகிற வருகிற ஒருவரையும் விடாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பூவைக் காட்டினார்.

இப்போது அந்த இரண்டும் மதிலுக்கு மேலே நிற்கின்றன. நொச்சியும் ஆவாரையும் நந்தியாவட்டையும் சேர்ந்துகொண்டன. வகுப்பில் நான் படம் காட்டுவதில்லை, கிளையோடு போகிறேன். எதிர்வீட்டில் ஒன்று, எங்கள் பள்ளியில் மூன்று என்று பதியம் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். இந்த வருஷக் கிருத்திகைக்கு எங்கள் தெருவிலிருந்து போன இரண்டு காவடியிலும் எங்கள் மண்ணில் பூத்த பூதான். பாவா இதைப் பார்க்கவில்லையே என்று ஒரு நிமிஷம் ஏங்கிப்போனேன், பொய் சொல்ல மாட்டேன்.

போன வாரம் மேஸ்திரி எங்கள் வீட்டுக்கு மறுபடி வந்தார். நான் கூப்பிடவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வீட்டுக்காரர் அவரைப் பின்பக்கம் அழைத்துப்போய், சிமெண்டுத் தரையைக் காலால் தட்டிக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, “உன் செடிங்களுக்கு முன்பக்கம் இடம் பத்தலையே. இதையும் ஒடைச்சிடலாமா?” என்று கேட்டார்.

மேஸ்திரி கையிலிருந்த சம்மட்டியை வாங்கி, முதல் அடியை நான்தான் அடித்தேன்.