சம்மதத்தோடு கொடுத்த பாஸ்போர்ட்

ரமாபாய் எங்கள் குடியிருப்பை விட்டுப் போனது 2011 அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை. அவள் ஏறிய டாக்சி டோல்கேட் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

மழைக்காலத்தில் திருவொற்றியூரின் எங்கள் பிளாக்கில் கீழ்வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிவிடும். அதனால் ரேஷன் கார்டு, சர்டிபிகேட் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி மூன்றாவது மாடியில் ரமாபாய் வீட்டில் கொடுத்து வைப்போம். பொங்கலுக்குப் பிறகு வாங்கிக்கொள்வோம். கையெழுத்தெல்லாம் கிடையாது. வெளியுறவுத் துறையில் வேலை கிடைத்துத் தன் அம்மாவோடு கிளம்பிய அன்று, அவள் வீடு வீடாகப் பைகளைத் திருப்பிக் கொடுத்தாள்.

என் அம்மா சொக்கம்மாள் பையை வெடுக்கென்று பிடுங்கினாள். "இன்னாடி, எங்க பேப்பரு தண்ணில மெதக்கட்டும்னு உட்டுட்டியா?"

"உங்கள மாதிரி பொம்பளைங்களுக்காகத்தான் போறேன்க்கா."

"ஆமா, கிழிச்ச."

மறுவருடம் அம்மா வளைகுடா நாடொன்றுக்கு வீட்டுவேலைக்குப் போனாள். பத்திரமாக வைக்கிறேன் என்று முதலாளியம்மா பாஸ்போர்ட்டைக் கேட்டாள். மாடிவீட்டுக்காரியிடம் கொடுத்துப் பழகிய அம்மா, அவளே பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தாள். நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டாள்.

அதே காலத்தில் ரமாபாய், வீட்டுவேலை செய்யும் பெண்களுக்காகப் பல நாடுகள் சேர்ந்து எழுதிய உடன்படிக்கையில் நம் நாட்டுக்காகப் பேசிக்கொண்டிருந்தாள். முதலாளி பாஸ்போர்ட்டை வைத்திருக்கக் கூடாது என்பது அவள் எழுதிய வரி. சில நாடுகள் முறைத்தன. 'தொழிலாளியின் சம்மதமின்றி' என்று சேர்த்துக்கொள்ள அவள் ஒப்புக்கொண்டாள். எல்லாரும் கையெழுத்திட்டார்கள். அவளுக்குப் பதவி உயர்வு. டோல்கேட்டில் அவள் சிரிக்கும் பேனர்.

2014 பிப்ரவரியில் அப்பா மாரடைப்பில் செத்தார். அம்மா பாஸ்போர்ட்டைக் கேட்டாள். முதலாளியம்மா அந்தத் தாளைக் காட்டினாள். நம் தூதரகமும் தாளைப் பார்த்துவிட்டு, உடன்படிக்கைப்படி தவறில்லை என்றது.

பதினாறு வயதில் நான் ரமாபாய்க்குப் போன் செய்தேன்.

"நைனா ஐஸ் பொட்டில கீறாரு. எங்கம்மாவ அனுப்ப சொல்லு."

"மகிழினி... அவங்களே கையெழுத்து போட்டுக் குடுத்திருக்காங்க. நான் பேசிப் பாக்கறேன்."

"பத்திரமா வெக்கிறேன்னு கேட்டா எங்க ஆளுங்க குடுத்துடுவாங்கன்னு உனக்குத் தெரியாது? உன் வூட்லதான பழகிக்கினோம்! தெரிஞ்சேதான எழுதிக்கீற?"

இரண்டு நாள் பார்த்துவிட்டு அப்பாவை எடுத்துவிட்டோம். டோல்கேட் பேனரைக் கிழித்தது நான்தான்.

ஒப்பந்தம் முடிந்து 2016இல்தான் அம்மா திரும்பினாள். அதற்குப் பின் ஒருநாள் ரமாபாய் பழப்பையோடு வந்தாள். அம்மா அவளை உள்ளே கூப்பிடவில்லை.

"எழவுக்கு வராதவளுக்கு ஆப்பிளு ஒண்ணுதான் கொறச்சலு. தூக்கினு போ."

"நான் செஞ்சது தப்புதான்க்கா."

"அத எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? கையெழுத்து வாங்கினாங்களே, அவுங்க கிட்ட போய்ச் சொல்லு."

அதன்பின் அவள் வரவில்லை. நான் கப்பல் சமையலறைகளில் ஆறு வருடம் அலைந்தேன். பாஸ்போர்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் தூங்கினேன். போன மாதம் ஊர் திரும்பினேன். நேற்று மதியம் ரமாபாயிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது:

"மகிழினி, உடன்படிக்கையை இன்று திருத்திவிட்டோம். 'தொழிலாளியே விரும்பிக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது' என்று இருக்கிறது. பதினோரு வருடம் ஆகிவிட்டது. அம்மாவிடம் சொல். மன்னிக்கச் சொல்லாதே."