நீல டிரம்மில் இல்லாதது

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் இருக்கிறது. என் கணவர் அதற்கு ‘டீச்சரம்மா ஆபீஸ்’ என்று பேர் வைத்திருக்கிறார். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் ஒரு வரி ஓடினால் போதும், போய் அதன் மூடியைத் திறந்துவிடுவேன். சில பெண்கள் பீரோவைத் திறந்துவைத்துப் புடவை பார்ப்பார்கள் இல்லையா, அந்தச் சுகம் எனக்குக் கயிறும் மெழுகுவத்தியும் பார்ப்பதில் கிடைக்கிறது.

பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. புயல், வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று விழுப்புரத்தில் ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். யாராவது போக வேண்டும் என்றதும் எல்லா ஆசிரியர்களும் என்னைக் கைகாட்டிவிட்டுத் தப்பித்துக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே பாதி அரங்கம் தூங்கியது. நான் நோட்டில் இருபத்தெட்டு பக்கம் எழுதினேன். திரும்பி வரும் வழியிலேயே டிரம்மை வாங்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

பயிற்சியில் சொன்ன பட்டியல் எங்கள் வீட்டுக்கு அப்படியே ஒத்துவராது. நாங்கள் தமிழ் ஜைனர்கள். வெங்காயம், பூண்டு, கிழங்கு வீட்டுக்குள் நுழையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். என் மாமனார் இன்னும் கறார். பொழுது சாய்ந்த பிறகு ஒரு பருக்கை வாயில் போடமாட்டார். வல்லம் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்த நாளிலிருந்து, அறுபது வருஷமாக ஒருநாள்கூட அந்த விரதம் தவறியதில்லை. சர்க்கரை நோய் வந்து இன்சுலின் போட ஆரம்பித்த பிறகும் அதை விடவில்லை. ஊசி போட்ட அரை மணிக்குள் அவர் சாப்பிட்டாக வேண்டும். அதனால் சாயங்காலம் நான் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவேன், அவர் ஊசி போட்டுக்கொள்வார், பொழுது இருக்கும்போதே சாப்பிட்டு வாய் கொப்பளித்துவிடுவார்.

இதையெல்லாம் யோசித்துத்தான் டிரம்மை நிரப்பினேன். வெங்காயம் சேராத பொரி, பொட்டுக்கடலை, வடிகட்டும் துணி எல்லாம் உண்டு. கரண்ட் போனால் இன்சுலின் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றி வைக்க ஒரு மண்பானைகூட பக்கத்தில் தயார். எங்கள் வீட்டைப் போல ஏற்பாடான வீடு இந்தத் தெருவில் இல்லை என்று எனக்குக் கர்வம் இருந்தது.

புயல் வந்த அன்று காலையிலேயே கரண்ட் போய்விட்டது. நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்தில் இறங்கினேன். சார்ஜை மிச்சம் பிடிக்க என் ஃபோனை அணைத்து டிரம்மில் போட்டேன். கணவர் தன் ஃபோனோடு, மல்லாட்டை மூட்டைகளை உயரத்தில் ஏற்ற எங்கள் கடைக்குப் போனார். அதன் பிறகுதான் டார்ச்சை எடுத்து அழுத்தினேன். எரியவில்லை. இரண்டு வருஷமாக உள்ளேயே கிடந்த பேட்டரிகள் பொங்கி, பச்சை பூத்திருந்தன. நானா அசருவேன்? கூடத்துச் சுவர்க்கடிகாரத்திலிருந்து ஒன்று, டிவி ரிமோட்டிலிருந்து ஒன்று என்று பேட்டரிகளைக் கழற்றி டார்ச்சில் போட்டேன். எரிந்தது. என் சமயோசிதத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மத்தியானத்துக்கு மேல் வானம் இருண்டது. மழையென்றால் அப்படி ஒரு மழை. எதிர்வீடு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. மாமாவுக்குப் பசிக்குமே என்று குத்துமதிப்பாக ஒரு நேரத்துக்குத் தோசைக்கல்லை ஏற்றி, கேப்பை அடை தட்ட ஆரம்பித்தேன். வழக்கம்போல அவரும் ஊசியைப் போட்டுக்கொண்டார். போட்டுவிட்டு ஜன்னலோரம் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

“விளக்கு வச்சிட்டாங்கம்மா. பொழுது போயிடுச்சி. எனக்கு எதுவும் வேணாம்.”

மழைக்கு நடுவே எதிர்வீட்டு ஜன்னலில் மெழுகுவத்தி வெளிச்சம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஊசி உள்ளே போய்விட்டது. சாப்பிடாவிட்டால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். ஆள் மயங்கிவிழுந்தால் அந்த மழையில் எந்த வண்டி வரும்? கடிகாரத்தைப் பார்த்தேன். பேட்டரியைக் கழற்றிய நேரத்திலேயே, பத்தேகாலில், நின்றுகொண்டிருந்தது. அதை நிறுத்திய புண்ணியவதி நான்தான்.

டிரம்மைக் கவிழ்க்காத குறையாகத் துழாவி ஃபோனை எடுத்து உயிரூட்டினேன். ஐந்து மணி ஐந்து நிமிஷம் என்றது. “இன்னும் அரை மணிக்கு மேல பொழுது இருக்கு மாமா, மேகம்தான் மூடிக்கினு இருக்கு” என்று அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவர் நிதானமாகக் கேட்டார். “பேட்டரிய எடுத்ததும் செவுத்துக் கடியாரம் நின்னுபோச்சில்ல? காலையிலேர்ந்து ஃபோன நிறுத்தி வச்சிருந்தியே, அதுக்குள்ள இருக்கிற கடியாரம் மட்டும் எப்படிம்மா ஓடும்?”

முப்பது வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவள் நான். ஃபோனுக்குள் தனியாக ஒன்று ஓடுகிறது என்று விளக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன். அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. “சாப்பிடுங்க மாமா, உங்க கால்ல விழறேன்” என்றேன். “தப்பா எடுத்துக்காதம்மா. இத்தன வருஷம் காப்பாத்திட்டேன்” என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அப்போது எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பயமும் அதே அளவுக்கு இருந்தது.

வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். எதிர்வீட்டுப் பெண். கழனி வேலைக்குப் போகிறவள், ஒரே ஒரு பசுமாடு வைத்திருக்கிறாள். எங்களுக்குத் தினமும் சாயங்காலப் பால் அவளிடம்தான். யூரியா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தூக்குச்சட்டியை முந்தானைக்குள் பொத்தி வைத்திருந்தாள்.

“இன்னா டீச்சரு, ஜல்தியா பாத்திரம் எடுத்துக்கினு வாங்க. நனையுது.”

மாமா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். “ராத்திரியில இன்னாம்மா பாலு?”

“ராத்திரியா? நல்லா சொன்னீங்க போங்க. சாயங்காலக் கறவை ஐயா. மடி கனத்தா அது கத்தும். மேகம் கட்டுனது அதுக்கு இன்னா தெரியும்? உள்ள ஒரே இருட்டா கீதேன்னு வத்திய ஏத்தி வச்சிட்டு, இப்பதான் கறந்துக்கினு வர்றேன்.”

“மெய்யாவா?”

“தொட்டுப் பாருங்க, சூடு ஆறல.”

அவர் வந்தார். தூக்குச்சட்டியின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“மாடு ஃபோன நிறுத்தி வைக்கலையே” என்றார். “சரி, அடையப் போடும்மா.”

மூன்று அடை சாப்பிட்டார். வியர்வை அடங்கியது. நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். அழுததில் நாலாவது அடை தீய்ந்துபோனது.

மழை விட்டதும் வீடு திரும்பிய கணவருக்கு ஒரு வாரத்துக்குத் தேவையான தீனி கிடைத்தது. “இருபத்தெட்டு பக்கத்துல கடியாரம்னு ஒரு வார்த்தை வரலையா?” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மாமனார் நன்றாக இருந்தார், கூரை நின்றது, மல்லாட்டை நனையவில்லை. டிரம்மில் கீ கொடுக்கும் கைக்கடிகாரம் ஒன்றும், பிரிக்காத பேட்டரி அட்டை ஒன்றும் சேர்ந்தன.

இரண்டு வாரத்தில் அடுத்த தாழ்வுநிலை வந்தது. வழக்கம்போல மூடியைத் திறந்தேன். நான் வைக்காத ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. உள்ளே நாலு வெல்லக் கட்டி. அவற்றின் மேல், புயல் வந்த நாளின் காலண்டர் தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பின்பக்கம் மாமாவின் பழைய வியாபாரக் கையெழுத்து:

“எனக்கு மயக்கம் வந்தால் இதைக் கொடுக்கவும். பொழுது பார்க்க வேண்டாம்.”

கீழே, பேங்க் பாரத்தில் போடுவதுபோல, முழுக் கையெழுத்தும் போட்டிருந்தார்.