நான் சொல்லாத கழித்தல் குறி

கல்லூரியில் இரண்டாம் வருஷம் முழுக்க ஒருத்தியைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தேன். அவள் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. என் பக்கத்தில்தான் உட்காருவாள். என் டிபன் டப்பாவிலிருந்து தினமும் ஒரு வாய் எடுத்துச் சாப்பிடுவாள். இயந்திரவியல் கணக்குகள் அவளுக்குத் தானாக வந்தன. எனக்கு வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் வீடு நாமக்கல் பக்கம். அப்பா கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். என்னை ஒரு பெண்கள் உறைவிடப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். காலையில் எழுந்தால் பரீட்சை, மதியம் பரீட்சை. எந்தக் கேள்விக்கு எந்தப் பக்கத்தில் பதில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். திருச்செங்கோட்டில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தபோதும் அந்தப் பழக்கத்திலேயே முதல் வருஷம் வகுப்பில் முதலாவதாக வந்தேன்.

அவள் திருச்செங்கோட்டுக்காரி. அப்பா ரிக் வண்டியில் வேலை. போர்வெல் போட ஒடிசா, சத்தீஸ்கர் என்று போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் என்பதால் முதல் வருஷம் ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் அவளுக்கு அர்த்தம் சொல்வேன். அப்போது அவளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இரண்டாம் வருஷம் இயந்திரவியல் தாள் வந்தது. அதுவரை விசைகளுக்கு அம்புக்குறி போட்டுக் கணக்குச் செய்துகொண்டிருந்தோம். அம்புக்குறி எனக்கு நன்றாக வரும். இனி அது வேண்டாம், இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழித்து எழுதுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும் என்றார் பாடம் நடத்திய மேடம். எனக்குத் தானாக எதுவும் வரவில்லை. மூன்று பக்கம் எழுதி முடித்து நிமிர்ந்தால் அவள் அரைப் பக்கத்தில் விடையை எழுதிவிட்டு ஜன்னல் வழியாக மலைக்கோயிலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“எதை வெச்சு ஆரம்பிக்கோணும்னு உனக்கு எப்படிப் புள்ள தெரியுது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எது அசையுதோ அதுக்கு மட்டும் பேரு வையி. அசையாததுக்கு எதுக்குப் பேரு?” என்றாள். வாயில் என் வீட்டுத் தக்காளிச் சாதம்.

அந்த ஒரு வரியில் இரண்டு வாரப் பாடம் இருந்தது. அதை நோட்டில் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொண்டதற்காக என்மேலேயே கோபம் வந்தது.

அந்த வருஷம் சேலத்தில் ஒரு கல்லூரியில் மாணவர் கருத்தரங்கப் போட்டி. எங்கள் துறையிலிருந்து நாங்கள் இருவரும் பெயர் கொடுத்தோம். பேசப்போவது நான்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அவ பேசட்டும் சாமி. நீ கூடப் போயி ஸ்லைடு மாத்திக் குடு. உன் இங்கிலீசு நல்லாயிருக்கும், ஸ்லைடெல்லாம் நீயே எழுதிக் குடுத்துரு.”

“சரிங்க மேடம்” என்றேன். கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அழுகை வரவில்லை. அழுதிருந்தால் அது அங்கேயே முடிந்திருக்குமோ என்னவோ.

அவள் எடுத்த தலைப்பு இது: செங்குத்தாக நிற்கும் ஒரு வட்ட வளையம், அதில் கோத்த ஒரு மணி. வளையம் பம்பரம்போல் சுற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் மணி அடியிலேயே கிடக்கும். வேகம் ஓர் அளவைத் தாண்டினால் மணி பக்கவாட்டில் மேலேறி ஓரிடத்தில் நிற்கும். எங்கே நிற்கும் என்பதுதான் கணக்கு.

போட்டிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை, கணக்கை ஆறு பக்கம் எழுதி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். “தப்பிருக்கான்னு பாத்துச் சொல்லு. நான் நாலு தடவ பாத்துட்டேன், இனி எங் கண்ணுக்குத் தெரியாது.”

பண்ணையில் தீவன மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்து படித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். நிலை ஆற்றலுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது. அதை விட்டால் மணிக்கு மேல் எது, கீழ் எது என்பதே மாறிவிடும். ‘ரெண்டாம் பக்கம்’ என்று தட்டினேன். பிறகு அழித்தேன். மறுபடி தட்டினேன், மறுபடி அழித்தேன். கடைசியில் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தில் இல்லை. சந்தோஷத்தில்தான்.

போட்டி நாளில் அவள் கரும்பலகையில் எழுத எழுத, நான் மேடையோரம் மடிக்கணினியோடு நின்றேன். முன்வரிசையில் மூன்று நடுவர்கள். அவள் ஆங்கிலமும் தமிழும் கலந்து பேசினாள். கணக்கு அந்த இடத்தைத் தாண்டியது. யாரும் கவனிக்கவில்லை. கடைசி வரியை எழுதிவிட்டுத் திரும்பியவள், விடையைச் சோதித்துப் பார்க்கும் தன் வழக்கப்படி, “சரி, வளையம் சுத்தவேயில்லைன்னா என்ன ஆகும்னு பாப்போம்” என்றாள். வேகத்துக்குப் பூஜ்யம் போட்டாள். சாக்பீஸ் அப்படியே நின்றது.

அவள் விடையின்படி, சும்மா நிற்கும் வளையத்தில் மணி தானாக மேலே ஏறி உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது.

நான் அந்த நொடிக்காகத்தான் வந்திருந்தேன். அவள் முகம் சிவக்கும், வார்த்தை தடுமாறும் என்று எதிர்பார்த்து அவளையே பார்த்தேன். அவள் பலகையை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

“ஏனுங்க, இந்த மணிக்கு யாரும் பூமியைப் பத்திச் சொல்லவேயில்லையாட்ட இருக்குதுங்க.”

அரங்கமே சிரித்தது. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக மேலே போனாள். கழித்தல் குறி விட்டுப்போன இடத்தைப் பிடித்தாள், போட்டாள், கீழேயுள்ள எல்லாவற்றையும் இரண்டு நிமிஷத்தில் திருத்தினாள். அவளுக்குத்தான் முதல் பரிசு. தன் தப்பைத் தானே பிடித்ததற்காகவே கொடுத்தோம் என்றார் ஒரு நடுவர். நான் ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தால் அந்தப் பரிசு கிடைத்திருக்காது என்று எனக்கு உறைத்தபோது கேடயத்தோடு படம் எடுக்க என்னையும் இழுத்து நிறுத்தினாள்.

திரும்பும்போது சங்ககிரி வழியாகப் போகும் பஸ். மகுடஞ்சாவடி தாண்டியதும் என் தோளில் தட்டினாள்.

“நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத. நானே நாலு தடவ பாத்தும் தெரியல. உனக்கு எப்படித் தெரியும்?”

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ‘உனக்கு எப்படித் தெரியும்’ என்ற சொல் மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை.

“எனக்குத் தெரிஞ்சுது. ரெண்டாம் பக்கம். படிச்சவுடனே தெரிஞ்சுது.”

மனசாட்சி உறுத்தி ஒத்துக்கொண்டேன் என்று பின்னாளில் ஓரிருவரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். என்னை மந்தம் என்று அவள் நினைப்பதைவிடக் கெட்டவள் என்று நினைப்பது மேல் என்று தோன்றியது. அதனால்தான் சொன்னேன்.

அவள் கேடயப் பையை எடுத்துக்கொண்டு முன்னால் காலியாக இருந்த இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

மூன்று வாரம் பேச்சில்லை. மதியம் டப்பாவைத் திறந்தால் பாதி மிச்சமாகும். அம்மா, “என்ன சாமி, சோறு புடிக்கலையா?” என்று கேட்டார். ஆய்வகத்தில் நாங்கள் இருவரும் ஒரே ஜோடி என்பதால் அங்கே மட்டும் பக்கத்தில் நின்றாக வேண்டும். ஊசல் ஆட்டங்களை நான் எண்ணிச் சொல்வேன், அவள் நேரத்தைக் குறிப்பாள். மூன்றாம் வாரம் அவள் நிறுத்துக் கடிகாரத்தை மேஜைமேல் வைத்தாள்.

“பொறாமைன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னா என்ன பண்ணியிருப்ப?”

“அந்த ஆறு பக்கத்தை வேற யாருகிட்டயாச்சும் குடுத்திருப்பேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். அந்தத் தைரியத்தில் கேட்டேன்: “உனக்கு எம்மேல வந்ததே இல்லையா? என் இங்கிலீசு, என் மார்க்கு?”

அவள் உண்மையாகவே யோசித்தாள். “இல்ல புள்ள” என்றாள்.

ஒரு துளி வந்திருக்கிறது என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

அந்தப் பருவத் தேர்வில் இயந்திரவியலில் நான்தான் அதிக மதிப்பெண் வாங்கினேன். அவள் இடைவரிகளை எழுதாமல் விட்டிருந்தாள். பட்டியலைப் பார்த்துவிட்டு, “கைகுடு” என்று கையைக் குலுக்கினாள். எனக்கு மனசு ஒன்றும் குளிரவில்லை. மேல்படிப்புக்கான நுழைவுத் தேர்வை இருவரும் எழுதினோம். அவள் வடக்கே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனாள். நான் சேலத்தில் எம்.எஸ்சி. முடித்து, இப்போது பொறியியல் கல்லூரி ஒன்றில் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன்.

ஊருக்கு வந்தால் அவள் எங்கள் வீட்டுக்கு வராமல் போவதில்லை. போன மாதம் வந்தபோது தன் ஆராய்ச்சியை ஒரு மணி நேரம் விளக்கினாள். பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. புரிந்ததுபோல் தலையாட்டவில்லை, புரியவில்லை என்றே சொன்னேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். வயிறு அப்போதும் எரிந்தது.