துரையின் குளியலறையில் யூனியன்

நாற்பத்திரண்டு வயதில், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை வைத்துவிட்டு நான் பைப் வேலை பழகுவதைப் பார்த்துத் தோட்டமே சிரிக்கிறது. சிரியுங்கள். இன்று தோட்டத்தை ஆளும் துரையையே பதற வைத்துவிட்டேன்.

துரை பங்களா குளியலறையில் குழாய் ஒழுகியது. எனக்கு வேலை பழக்கும் பாஸ், "தனியா போய் செய். தொரைக்குப் புடிச்சா பைப்காரன்னு பேர் பதிவாங்க. இல்லாட்டி மறுபடி மலையில கவ்வாத்துதான்" என்று அனுப்பினார். வீட்டில் நாலு பிள்ளைகள். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"என்ன கோளாறு?" என்றார் துரை.

"இங்க யூனியன் இல்லைங்க தொரை. ஒண்ணு போட்டா எல்லாம் சரியாயிரும்."

துரையின் முகம் தக்காளிப் பழமானது. "ஒங்க லயத்து வீடுகள்ல தொழிற்சங்கம் போட்டது பத்தாதா? என் குளிக்கிற அறையிலயுமா? போ வெளியே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு குழாயைச் சேர்க்கும் பித்தளைத் துண்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

"இதுக்குப் பேருதாங்க யூனியன். இது கொடி புடிக்காதுங்க."

துரை சிரிக்காமல், "சரி, மாட்டு" என்றார். ஒழுக்கு நின்றதும், "நாளைக்குக் காலையில பேர் பதியிற பெரட்டுல பைப்காரன்னு பேர் குடு" என்றார்.

நம் தோட்டத்துச் சங்கத் தலைவர் இத்தனை வருஷம் கத்தியும் பங்களா கேட்டைத் தாண்டாத யூனியனை நான் குளியலறையிலேயே போட்டுவிட்டேன். துரையிடம் சந்தா கேட்கப்போவது யார், சொல்லுங்கள்?