காரணம் எழுதும் கட்டம்

அந்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொற்றுநோய்ப் பேராசிரியைக்கு ‘பூட்டு’ என்று பெயர். வைத்தவர் அறுவைசிகிச்சை மருத்துவர். வேறு எதற்கும் அடங்காத கிருமிக்கென்று மருந்துக்கிடங்கில் ஓர் ஊசிமருந்தை ஒதுக்கி வைத்திருந்தார்கள். கண்டபடி போட்டால் கிருமி அதற்கும் பழகிவிடும்; பிறகு கையை விரிக்க வேண்டியதுதான். பேராசிரியை படிவத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அது வெளியே வரும். லேசில் போடமாட்டார்.

“மேடம், மருந்து உங்க வீட்டு பீரோவிலயா இருக்கு?” என்று அறுவைசிகிச்சை மருத்துவர் போனில் கேட்பார்.

“ஆமா, சாவியை இடுப்பில சொருகியிருக்கேன். ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும்.”

ஒருமுறை ஒரு பஸ் கண்டக்டர் காய்ச்சலில் கிடந்தார். அவர் மனைவி பேராசிரியையை வராந்தாவில் வழிமறித்தாள்.

“என்னையே யாருன்னு தெரியாம டிக்கெட் கேக்கிறாரு டாக்டரம்மா. பெரிய மருந்து ஒண்ணு இருக்காமே, அதைப் போட்டுடுங்க.”

“ரெண்டு நாள் பொறுங்கம்மா. எந்தக் கிருமின்னு தெரியட்டும்.”

ரெண்டு நாளும் அந்தப் பெண் பெஞ்சை விட்டு நகரவில்லை. சாதாரண மருந்திலேயே கண்டக்டர் தேறி வீட்டுக்குப் போனார். பார்த்தீர்களா, பொறுத்தால் போதும் என்று பேராசிரியை மாணவர்களிடம் பெருமையாகச் சொன்னார்.

அடுத்த வாரம் அவருடைய அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல். அதே வார்டு. ரத்தம் எடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அம்மா கண்ணைத் திறந்து, “யாரும்மா நீ?” என்றாள். அவ்வளவுதான், முப்பது வருஷப் படிப்பு எங்கே போனதோ. படிவத்தை வாங்கி, காரணம் எழுதும் கட்டத்தில் ‘ரத்த அழுத்தம் சரிந்துவிட்டது’ என்று எழுதினார். சரியவில்லை. பக்கத்தில் நின்ற முதுநிலை மாணவி அப்போதுதான் அளந்து நூற்றுமுப்பது என்று குறித்திருந்தாள். அவள் படிவத்தைப் படித்தாள். அப்படியே கிடங்குக்கு எடுத்துப் போனாள்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. சாதாரணக் கிருமி.

மாதக் கடைசியில், அந்த மருந்து வாங்கிய ஒவ்வொரு படிவத்தையும் எல்லாப் பிரிவு மருத்துவர்கள் முன்னிலையில் வாசிப்பது பேராசிரியை கொண்டுவந்த வழக்கம். மாணவிதான் அடுக்கிக் கொடுத்தாள். கடைசித் தாள்வரை வாசித்த பிறகுதான் அம்மாவின் படிவம் அதில் இல்லை என்று தெரிந்தது. நிமிர்ந்தார். மாணவி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைக் காப்பாற்றத்தான் எடுத்திருக்கிறாள். பொய்யை ஒரேயொரு தடவை எழுதிக் காட்டியதற்கு இந்தப் பெண் இவ்வளவு கற்றுக்கொண்டுவிட்டாளா? காது மடல் எரிந்தது. இப்படியே எழுந்து போய்விடலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

“இன்னொண்ணு இருக்கு,” என்றார். “எங்க அம்மாவுக்குப் போட்டது. பிரஷர் விழுந்துடுச்சுன்னு காரணம் எழுதினேன். விழலை. பொய்யாத்தான் எழுதினேன்.”

அறுவைசிகிச்சை மருத்துவர் குத்தலாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார். சொன்னால் தேவலை போலிருந்தது.

அவரோ தணிந்த குரலில், “அம்மா இப்ப எப்படி இருக்காங்க?” என்று கேட்டார்.

“நல்லாருக்காங்க. சாதாரண மருந்துக்கே கேட்டிருக்கும்.”

மாணவி தன் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி, தலை நிமிராமல் மேசைமேல் தள்ளினாள். பேராசிரியை அதை எடுத்து, மற்றப் படிவங்களை வாசித்தது போலவே, நோயாளியின் வயதிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.