கம்பளத்தில் இல்லாத ஓட்டை

என் வீட்டுக்காரர் கொத்ரத்துக்குப் பிழைப்பும் மொட்டைமாடியில்தான், பைத்தியமும் மொட்டைமாடியில்தான். ஈரானில் பாலைவனத்தை ஒட்டிய எங்கள் ஊர் காஷானில் வெயில் காலம் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு மாடியில் தண்ணீர்க் கூலர் ஓடியாக வேண்டும். வைக்கோல் மாற்ற, பம்பு மாட்ட, பெல்ட்டை இழுத்துக் கட்ட எல்லோருக்கும் அவர் வேண்டும். அந்த நாட்களில் அவரைத் தரையில் பார்ப்பதே அபூர்வம்.

ஒரு சாயங்காலம் யார் வீட்டு மாடியிலோ கூலரின் இரும்புச் சட்டத்துக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர், முகமூடியைக் கழற்றாமலே தலையை நிமிர்த்தியிருக்கிறார். பாலைவனப் புழுதிக்குள் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு கறுப்புப் புள்ளி. முகமூடிக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தார்.

"மஹ்லகா, சூரியனுக்கு அம்மை போட்டிருக்கு."

"உங்களுக்குத்தான் வெயில் தலைக்கு ஏறியிருக்கு. தண்ணியக் குடிச்சிட்டு உக்காருங்க" என்றேன்.

அவர் உட்காரவில்லை. அந்த வருஷமே பழைய தொலைநோக்கி ஒன்றும் கேமராவும் எங்கள் மாடிக்கு வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து விடிந்தால் எழுந்து மேலே போவார். தரை சூடேறிவிட்டால் படம் தண்ணீரில் மிதப்பதுபோல் ஆடுமாம், அதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டுமாம். குழாயைச் சூரியனுக்கு நேராகத் திருப்பக் கண்ணை எங்கும் வைக்க மாட்டார். சுவரில் விழும் குழாயின் நிழலைப் பார்த்துக்கொண்டே திருப்புவார். நீள நிழல் குறுகிக் குறுகி வட்டமானால் சூரியன் உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். படத்தில் புள்ளி தெரிந்தால் கேமராவைக் கொஞ்சம் திருகிப் பார்ப்பார். படத்தில் இருந்த இடத்திலேயே நின்றால் தூசி, இடம் மாறினால் சூரியனுடையது. தூசி இல்லை என்று தெரிந்த அன்றைக்கு வீட்டில் யார் என்ன கேட்டாலும் சரி என்பார். நானும் அப்படிப்பட்ட நாள் பார்த்துத்தான் கேட்பேன்.

என் வேலை கீழே. கம்பளம் பழுது பார்ப்பவள் நான். பூச்சி அரித்த இடம், அடுப்புத் தணல் விழுந்த இடம், எலி கடித்த இடம் எல்லாவற்றையும் முடிச்சு முடிச்சாகப் போட்டு நிரப்பி, ஓட்டை இருந்த இடம் எதுவென்று கம்பளத்தின் சொந்தக்காரருக்கே தெரியாமல் செய்துவிடுவேன். இதற்குக் கை பாதி, வலது கண் பாதி. ஊசி முனையைப் பார்ப்பது என் வலது கண். இடது கண் சும்மா துணைக்கு வருவது.

தொலைநோக்கியின் வாயை மூடாமல் சூரியன் பக்கம் திருப்பக் கூடாது. வெள்ளித்தாள்போல் பளபளக்கும் ஃபில்டர் தாளை அட்டை வளையத்தில் ஒட்டி, அதை மூடியாக மாட்ட வேண்டும். அவரிடம் அப்படி இரண்டு மூடிகள் இருந்தன. ஒன்று கண்ணால் பார்ப்பதற்கு. இன்னொன்று கேமராவுக்கு மட்டும். கேமராத் தாள் வெளிச்சத்தைப் பல மடங்கு அதிகமாக உள்ளே விடும், அதனால் படம் துல்லியமாக வரும். ஆனால் அதை மாட்டிக்கொண்டு கண் வைக்கக் கூடாது. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான். இரண்டையும் கஸ் என்கிற பிஸ்தா மிட்டாயின் டப்பா அட்டையில்தான் செய்திருந்தார். அடையாளத்துக்காகக் கண் மூடியின் விளிம்பில் வெள்ளை நூல், கேமரா மூடியில் சிவப்பு நூல் தைத்திருந்தார்.

தானே தைத்திருந்தார். வீட்டில் நூலும் ஊசியுமாக ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, அவளை ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றியதா? தோன்றாது. கடைத்தெருவில் கிடைத்த சிவப்பு நூலை வாங்கிக் கோணல்மாணலாகத் தைத்து முடித்துவிட்டார். எப்போதாவது துணி காயப்போட மேலே போகும் நானும் அந்த மூடிகளைத் திரும்பிப் பார்த்ததில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு பிற்பகல் கிரகணம் வந்தது. அரைச் சூரியன் மறையும் என்றார்கள். கொத்ரத் அதற்காகக் கோடையிலிருந்தே காத்திருந்தார். குளிருக்குமுன் கூலரைத் தார்ப்பாய் போட்டு மூடித் தரும்படி அழைத்தவர்களிடம் எல்லாம் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மாடியே கதியென்று கிடந்தார். நான் கிரகணத் தொழுகையை முடித்துவிட்டுத் தேநீரோடு மேலே போனேன். பக்கத்து வீட்டு எஷ்ரத் அக்காவும் தன் வீட்டுப் பெண்கள், பிள்ளைகளோடு தொழுகை முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருந்தார்.

"இன்னைக்குப் படம் எல்லாம் இருட்டா வருது" என்றார் கொத்ரத், கேமராவிலிருந்து தலையை எடுக்காமல். "காத்துல புழுதி. ரொம்ப நேரம் திறந்து வச்சு எடுக்க வேண்டியிருக்கு."

நான் அண்ணாந்து பார்த்தேன். வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. அவர் வேலையில் நான் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

"நீ பாக்கறியா? இந்தத் தடவை நல்ல பெரிய புள்ளி ஒண்ணு இருக்கு. எஷ்ரத் அக்கா கூட்டம் வந்தா அப்புறம் உனக்கு இடம் கிடைக்காது."

கேமராவைக் கழற்றிவிட்டுக் கண் வைக்கும் வில்லையை மாட்டினார். குழாயின் வாயிலிருந்த மூடியை எடுத்துவிட்டு மற்ற மூடியை மாட்டினார். நிழலைப் பார்த்துக் குழாயைச் சரி செய்தார். தான் பார்க்கவில்லை. முதல் பார்வை எனக்கு என்று விலகி நின்றார்.

நான் வலது கண்ணை வைத்தேன்.

"ரொம்பக் கூசுதுங்க."

"சூரியன் கூசாம நிலாவாட்டம் குளிருமா? கொஞ்சம் பொறுத்துப் பாரு, கண்ணு பழகிடும்."

பழகத்தான் செய்தது. ஒரு பக்கம் கடித்துவைத்த ரொட்டிபோல் சூரியன். நடுவில் அந்தப் புள்ளி. கறுப்பாக ஒரு குழி, அதைச் சுற்றி இழை இழையாகப் பிரிந்த விளிம்பு. பூச்சி அரித்த கம்பளத்தை நான் எத்தனை பார்த்திருக்கிறேன். அதே விளிம்பு, அதே பிசிறு. எந்த இழையில் ஆரம்பித்தால் இதை அடைக்கலாம் என்று கணக்குப் போட்டபடி, கண்ணில் தண்ணீர் வடிய வடியப் பார்த்துக்கொண்டே நின்றேன். பக்கத்து வீட்டில் காற்றை உள்ளே இறக்கக் கட்டியிருந்த கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கி மறைந்தபோதுதான் கண்ணை எடுத்தேன்.

எஷ்ரத் அக்கா அப்போதுதான் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். பின்னால் பிள்ளைகள்.

"போச்சா? பொண்டாட்டிக்கு மட்டும் காட்டிட்டு எங்களுக்குக் கோபுரத்தைக் காட்டுறியா கொத்ரத்து? நீ கூலர் மூட வா, உன்னைப் பேசிக்கிறேன்."

எல்லோரும் சிரித்தோம். தேநீர் ஆறிப் போயிருந்தது.

சாயங்காலம் அடுப்பில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தேன். கொத்ரத் கூடத்தில் கணினியில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அந்த நேரத்தில் தனக்குத்தானே பேசுவார். பேச்சுச் சத்தம் நின்றுபோனது. எழுந்து மாடிக்குப் போகும் காலடி கேட்டது, ஓட்டமாக இறங்கி வருவதும் கேட்டது. சமையலறை வாசலில் இரண்டு மூடிகளோடு நின்றார். செல்போன் விளக்கை எரியவிட்டு ஒரு மூடியை அதன் முன்னால் பிடித்தார். கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரியும் பொட்டு. மற்றதைப் பிடித்தார். வெளிச்சம் நன்றாகவே தெரிந்தது.

"மஹ்லகா, எந்தக் கண்ணால பாத்த?"

"ஏன்?"

"எந்தக் கண்ணுன்னு கேக்கறேன்."

"வலது."

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். புழுதியும் இல்லை, ஒன்றும் இல்லை. கேமராவில் அன்று மாட்டியிருந்தது கண் மூடி, அதனால்தான் படம் இருட்டாக வந்தது. எனக்காக மாற்றி மாட்டியது கேமரா மூடி.

நான் இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். வெள்ளை நூல் எது, சிவப்பு நூல் எது என்று எனக்கே தெரியவில்லை. தினமும் வெயில் குடித்துக் குடித்துச் சிவப்பு நூல் வெளுத்து அழுக்கு வெள்ளையாகியிருந்தது. மாடியில் அவர் நூலைப் பார்ப்பதில்லை, வைத்த இடத்தைப் பார்த்துத்தான் எடுப்பார். அன்று காலை எப்போது இடம் மாறியதென்று அவருக்கே தெரியவில்லை. மஞ்சிட்டி வேரில் தோய்த்த நூலாக இருந்தால் சாகும்வரை சிவப்பாக இருந்திருக்கும். அப்படிப்பட்ட நூல் என் கூடையில் பந்து பந்தாகக் கிடக்கிறது.

"வலிக்குதா?" என்றார்.

"இல்லை."

"வலிக்காது. உள்ள சுட்டாலும் வலிக்காது. காலையிலதான் தெரியும்."

கண் டாக்டரின் மருத்துவமனைக்குப் போன் போட்டார். இன்றைக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, காலையில் அழைத்து வாருங்கள் என்றார்கள். போனை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"ஒரு கண்ண மூடிக்கிட்டு எதையாவது பாரேன்."

"மாட்டேன். கஞ்சி அடிப்பிடிக்குது."

எனக்கு அப்போது கோபம் வரவில்லை. பயந்தான் வந்தது. பார்த்தால் தெரிந்துவிடும், பார்க்காதவரை கண் என்னுடையதாகவே இருக்கும் என்று சின்னப் பிள்ளைபோல் நினைத்துக்கொண்டு கிண்டினேன். "பிள்ளைகள் வந்திருந்தா" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். எஷ்ரத் அக்கா தொழுகையில் நின்று நிதானித்தது அன்று அத்தனை பிள்ளைகளின் கண்ணையும் காப்பாற்றியது. இருவருமே அன்று சாப்பிடவில்லை, தூங்கவும் இல்லை.

விடிந்தது. பாங்கு கேட்டதும் எழுந்து என் வேலை அறைக்குப் போனேன். பாதி முடிந்த கம்பளம் ஒன்று தரையில் கிடந்தது. அதைத் திருப்பிப் பின்பக்கத்தை வெளிச்சத்தில் விரித்தேன். பின்பக்கத்தில் முடிச்சுகள் கட்டம் போட்டதுபோல் வரிசை வரிசையாக இருக்கும். ஒரு முடிச்சு தப்பினாலும் எனக்குத் தெரியும். இடது கண்ணைக் கையால் பொத்தினேன்.

நடுவில் ஓட்டை இருந்தது.

சின்ன, சாம்பல் நிற ஓட்டை. சுற்றிலும் வரிசைகள் அதை நோக்கி வளைந்திருந்தன. கை பழக்கத்தில் தானாகப் போய் அந்த இடத்தைத் தடவியது. விரலுக்குக் கீழே முடிச்சுகள் எல்லாம் இறுக்கமாக, முழுசாக இருந்தன. பார்வையைப் பக்கத்தில் நகர்த்தினேன். ஓட்டையும் நகர்ந்தது. மறுபடி தடவினேன். அங்கும் கம்பளம் முழுசாகத்தான் இருந்தது.

கொத்ரத் கதவருகே நின்றிருந்தார். என் கை கம்பளத்தைத் தேடித் தேடித் தடவுவதைப் பார்த்துவிட்டார். செருப்பை எடுத்து என் காலடியில் வைத்தார்.

டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்துத் திரையில் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். அதன் நடுவில் சின்னதாக ஒரு புள்ளி. இத்தனை வருஷமாக எங்கள் வீட்டுக் கணினியில் தினமும் வந்த அதே படம்போல் இருந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"மருந்து எதுவும் கிடையாது" என்றார் டாக்டரம்மா. "சில மாசத்துல தானே ஆறலாம். முழுசா ஆறும்னு நான் சொல்ல மாட்டேன்."

அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. ஒரு வாரம் நான் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். ஊரில் கூலர்களுக்கெல்லாம் தார்ப்பாய் போட்டவர், கடைசியில் எங்கள் மாடியில் தொலைநோக்கிக்கும் ஒன்றைப் போட்டு இறுக்கிக் கட்டினார்.

குளிர்காலம் முழுக்க, முன்பு சூரியனைப் பார்க்க மேலே போகும் அந்தக் காலை நேரத்தில் என் அறைக்கு வந்தார். கம்பளத்தின் பின்பக்கத்தை விரித்து வைப்பார்.

"இன்னைக்கு எத்தனை முடிச்சு?"

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, ஓட்டை எத்தனை முடிச்சை மறைக்கிறது என்று சொல்வேன். அவர் சுவரில் சாக்கட்டியால் அந்த அளவுக்கு வட்டம் போடுவார். வட்டம் சின்னதாகிக்கொண்டே வந்தது. நான் இடது கண்ணால் ஊசியைப் பார்க்கப் பழகினேன். கழுத்து வலித்தது, வேலை பாதியாகக் குறைந்தது, ஆனாலும் செய்தேன். ரோஜா பூக்கும் பருவத்தில் ஓட்டை ஒரே ஒரு முடிச்சாகிவிட்டது. அங்கேயே நின்றுவிட்டது.

"இன்னைக்கு?"

"ஒண்ணு."

மறுநாளும் ஒன்று. வெயில் காலம் வந்து, கூலர் ஓடத் தொடங்கி, அப்போதும் ஒன்று. அவர் மட்டும் விடவில்லை. அந்த ஒன்று இல்லாமல் போனால்தான் தார்ப்பாயை அவிழ்ப்பது என்று மனதுக்குள் வைத்திருந்தார். அது போகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் எதிரே வந்து உட்கார்ந்து என் கண்ணையே பார்க்கிற அந்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் அவர் வெளியே போயிருந்தபோது புது அட்டை வெட்டினேன். செல்போன் விளக்கில் பார்த்து, பழைய மூடியிலிருந்த கேமராத் தாளைப் பிரித்து அதில் ஒட்டி, விளிம்பு முழுக்க மஞ்சிட்டி நூலைக் கம்பளக் கரைபோல் தடிமனாகச் சுற்றித் தைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரியும். மறுநாள் காலை அவர் வந்து உட்கார்ந்ததும் அதை மடியில் போட்டேன்.

"எத்தனை முடிச்சு?" என்றார், அதைத் தொடாமல்.

"ஒண்ணு. சாகறவரைக்கும் ஒண்ணுதான். எந்திரிச்சு மேல போங்க, தரை சூடாயிடும்."

அதை எடுத்து நூல் கரையை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். பிறகு மேலே போனார். தார்ப்பாய் அவிழும் சத்தம் கேட்டது. உடனே இறங்கி வந்தார், இரண்டு கையிலும் இரண்டு மூடி. சிவப்பை என் பக்கம் நீட்டினார்.

"இது எது?"

"கேமராவுக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

அன்றிலிருந்து தினமும் இப்படித்தான். கடைக்கோடியில் நின்றாலும் தெரிகிற சிவப்பு அது. ஆனாலும் என்னிடம் காட்டாமல் அவர் மாட்டுவதில்லை. நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, தலையைச் சாய்த்து, இடது கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்.