அக்காவின் தப்பைச் சொல்லி வாங்கிய வேலை

ரயில் ஓட்டுநர் பயிற்சிக்கு அவன் மூன்று தடவை மனுப் போட்டான். முதல் இரண்டு தடவையும் ஒரே கேள்வியில்தான் மூக்கு உடைந்தது.

மற்றதில் எல்லாம் அவன் கெட்டிக்காரன். கண் சோதனை, காது சோதனை, ரத்தச் சோதனை எல்லாம் தேறினான். விளக்கு எரிய எரியப் பொத்தானை அமுக்க வேண்டிய சோதனையில் நாற்பது பேரில் இரண்டாவதாக வந்தான். கடைசியில் நேர்காணல் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருப்பவரைப் பயிற்சி மேடம் என்பார்கள். பதினெட்டு வருடம் ரயில் ஓட்டியவர், இப்போது ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். முன்னால் டீ ஆறிக்கொண்டிருக்கும், அதை அவர் குடித்து யாரும் பார்த்ததில்லை.

"வேலையில நீங்க பண்ண ஒரு தப்பைச் சொல்லுங்க. யாரும் கண்டுபிடிச்சிருக்கக் கூடாது. நீங்களாப் போய் ஒத்துக்கிட்டதா இருக்கணும்."

முதல் தடவை, "அப்படி ஒண்ணும் பண்ணதில்ல மேடம்" என்றான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"தப்பே பண்ணாதவரைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு தம்பி" என்று மேடம் காகிதத்தை மூடிவிட்டார்.

இரண்டாவது தடவை, ஒருநாள் பத்து நிமிடம் தாமதமாகப் போய்த் தானே முதலாளியிடம் சொன்னதாக எடுத்துவிட்டான். ஓரத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்க இருமிக்காட்டினார். அன்றைக்கும் வெறுங்கையோடு வீடு திரும்பினான்.

தப்பு செய்யாதவனா அவன்? பார்சல் வண்டி ஓட்டிய ஏழு வருடத்தில் ஒருநாள், பின்னால் எடுக்கும்போது நின்றிருந்த ஸ்கூட்டர் ஒன்றின் விளக்கை நொறுக்கியிருக்கிறான். இறங்கி, இடமும் வலமும் பார்த்தான். தெருவில் ஈ காக்காய் இல்லை. ஏறி, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். தப்பு கைவசம் இருந்தது. ஒத்துக்கொண்டதுதான் இல்லை.

ஒத்துக்கொண்ட கதை வீட்டிலேயே வேறு ஒருவரிடம் இருந்தது.

அம்மா போன பிறகு அந்த இரண்டு அறை வீட்டில் அக்காவும் அவனும்தான். அக்கா ஆறு வருடம் ஒரு மருந்துக்கடையில் நின்றாள். ஒரு சாயங்காலம் ஒரு வயதான அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டாள். அட்டை ஒரே நிறம், வீரியம்தான் மூன்று மடங்கு. கடை மூடும்போது அட்டைகளை எண்ணியபோதுதான் அது தெரிந்தது. முதலாளி, "யாருக்குத் தெரியும்? பேசாம வீட்டுக்குப் போ" என்றாராம். அவள் கேட்கவில்லை. அந்த அம்மா எந்தத் தெரு என்பது மட்டும்தான் தெரியும். வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கண்டுபிடித்தாள். அந்த வாரமே வேலை போயிற்று. இப்போது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கிறாள், பாதிச் சம்பளத்துக்கு.

இதை அவள் அவனிடம் சொன்ன அன்று அவன் கைபேசியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். "சரி விடுக்கா, வேற கடையா இல்ல?" என்றான். அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். அந்த நேரம் பார்த்து யாரோ கோல் போட்டான். அதற்குப் பிறகு அவளும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

மூன்றாவது நேர்காணலில் மேடம் அதே கேள்வியைக் கேட்டதும், அவன் வாய் தானாகத் திறந்தது. வேலையில்லாத நாட்களில் ஒரு மருந்துக்கடையில் கொஞ்ச காலம் நின்றதாக ஆரம்பித்தான். மாத்திரை அட்டை, முதலாளி, வீடு வீடாகத் தட்டியது என்று மடமடவென்று வந்தது. சொல்லும்போது குரல்கூடத் தழுதழுத்தது. அதுதான் பின்னால் அவனுக்கு நினைக்க நினைக்கக் கூசியது.

"அந்த அம்மா என்ன ஆனாங்க?" என்று மேடம் கேட்டார்.

அவனுக்குத் தெரியாது. "ஒண்ணும் ஆகல மேடம். சாப்பிடறதுக்குள்ள போய்ட்டேன்" என்று அள்ளிவிட்டான்.

மேடம் அன்றைக்குத்தான் அந்த டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். பத்தாம் நாள் கடிதம் வந்தது.

கடிதத்தைப் படித்துவிட்டு அக்கா அழுதாள். பக்கத்து வீடு, எதிர்வீடு, சலவைக்கூடம் என்று ஒரு இடம் விடாமல் சொல்லித் தீர்த்தாள். இவன் சிரித்துக்கொண்டு நின்றான். சோறு இறங்கவில்லை.

பயிற்சி தொடங்கிய முதல் நாளே மாட்டிக்கொண்டான். வகுப்பில் பன்னிரண்டு பேர். மேடம் எழுந்து, "வண்டி ஓட்ட யாருக்கு வேணும்னாலும் கத்துக்குடுக்கலாம். ஒத்துக்கறதைக் கத்துக்குடுக்க முடியாது. இதோ இருக்காரே" என்று அவனைக் காட்டி, அவனுடைய கதையை, அதாவது அக்காவின் கதையை, வரி பிசகாமல் சொன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டீ இடைவேளைக்குள் அவனுக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டது. மாத்திரை.

"மாத்திரை, விதிப்புத்தகம் எடுத்தியா?" "மாத்திரை, இந்தப் பக்கம் உக்காரு." பாசமாகத்தான் கூப்பிட்டார்கள். அதுதான் கொடுமை. கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

ஆறு வாரம் வகுப்பு. பிறகு கேபின். சிக்னல் கண்ணில் பட்டதும் கையை நீட்டி அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவரும் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல்முறை பிரேக் கைப்பிடியை அவன் கையில் கொடுத்தபோது, பின்னால் எட்டுப் பெட்டி இருக்கிறது என்பது உள்ளங்கையிலேயே தெரிந்தது. நிறுத்த வேண்டிய பலகைக்கு அரைப் பெட்டி முன்னாலேயே நிறுத்திவிட்டான். "பரவாயில்ல. தாண்டிப் போறதுக்கு இது எவ்வளவோ மேல்" என்றார் மேடம். அந்த ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தான். அடுத்த நிமிடம் அவர், "என்ன மாத்திரை, வேர்த்துக் கொட்டுது?" என்றார்.

வகுப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. அதில் மஞ்சள் படிவங்கள். செய்த தப்பைத் தானே எழுதிக் கொடுப்பதற்கு. தேதி, இடம், என்ன நடந்தது, யாருக்குப் பாதிப்பு, பாதிக்கப்பட்டவர் இப்போது எப்படி இருக்கிறார். ஊதல் கொடுக்க மறந்த ஒருவன் எழுதிக் கொடுத்தான், மேடம் அவனுக்கு நன்றி சொன்னார். நம் ஆள் அந்தப் பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் செருப்பு வார் அறுந்தவன்போல் குனிந்துகொண்டு போவான்.

மூன்றாவது மாதம் குடும்ப நாள். ஓட்டுநர் கண்ட கண்ட நேரத்தில் எழுந்து போகிறவர், எங்கே போகிறார், என்ன செய்கிறார் என்று வீட்டில் இருப்பவர்கள் ஒருதடவை பார்க்கட்டும் என்று டிப்போவுக்குக் கூப்பிடுவார்கள். அவன் அழைப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்து மறைத்தான். துணி துவைக்கும்போது அக்கா கையில் அது கிடைத்தது.

"என்னடா, என்னைக் கூட்டிட்டுப் போக வெக்கமா?"

"ஐயோ, அதில்லக்கா."

"பின்ன என்ன? சனிக்கிழமை எனக்கு லீவுதான்."

போனார்கள். அக்கா இருப்பதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டாள். கேபினில் ஏறி, அவன் உட்காரும் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாகத் தண்டவாளத்தைப் பார்த்து, "இவ்வளவு உசரமா இருக்கே" என்றாள். இறங்கும்போது கூடப் படிப்பவன் ஒருவன், "மாத்திரை, உங்க அக்காவா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

"ஏன் உன்னை மாத்திரைன்னு கூப்பிடறாங்க?"

அவன் குனிந்து செருப்பைச் சரிசெய்தான். அதற்குள் மேடம் வந்துவிட்டார். "வீட்ல சொல்லலையா இவரு? அடக்கம் பாருங்களேன்" என்று தொடங்கினார். சுற்றிலும் எல்லாருடைய வீட்டு மனிதர்களும் நின்று கேட்டார்கள். மாத்திரை அட்டை. முதலாளி. வீடு வீடாகத் தட்டிய கதவு. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்று அவன் தரையைப் பார்த்தான். சிமெண்ட் தரை, பிளக்கவில்லை.

அக்கா கடைசிவரை கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும் அவன் பக்கம் திரும்பி, மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்புறம் அந்த அம்மா என்ன ஆனாங்க?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் ஆகல" என்றான். "நல்லா இருக்காங்க."

"அப்படியா" என்றாள் அக்கா. "நல்லது."

பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். "டிக்கெட் எடுத்தியா?" என்று மட்டும் கேட்டாள். வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றி, அடுப்பைப் பற்றவைத்தாள். அவன் சமையலறை வாசலில் நின்றான்.

"அக்கா, திட்டேன்."

"எதுக்கு? எடுத்துக்கிட்டதுக்கா? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்டா. எனக்கு அதால வேலை போச்சு, உனக்காவது அதால வேலை கிடைக்கட்டும்." கரண்டியை வைத்தாள். "ஆனா ஒண்ணும் ஆகலன்னு சொன்ன பாரு."

அவ்வளவுதான். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனும் கேட்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தவன் எதைக் கேட்பான்?

ஞாயிற்றுக்கிழமைக் காலை அவன் சாப்பாட்டு மேசையில் ஒரு மஞ்சள் படிவத்தை விரித்து உட்கார்ந்திருந்தான். டிப்போவை விட்டுக் கிளம்பும்போதே பெட்டியிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு வந்திருந்தான். தேதி: நேர்காணல் நாள். இடம்: நேர்காணல் அறை. என்ன நடந்தது என்பதற்குப் பின்பக்கம் வரை எழுதினான். யாருக்குப் பாதிப்பு: என் அக்கா, மாத்திரை வாங்கிய அம்மா. பாதிக்கப்பட்டவர் இப்போது எப்படி இருக்கிறார் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

அக்கா துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினாள். ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான் கிளம்புவாள், நான்கு வருடமாக. இவனும் ஒவ்வொரு ஞாயிறும் படுக்கையிலிருந்தே, "மகாராணி ஊர் சுத்தக் கிளம்பியாச்சு" என்று கேலி செய்வான். அன்றைக்குக் கேலி வரவில்லை.

"அக்கா, அந்த அம்மா என்ன ஆனாங்க?"

அக்கா செருப்பை மாட்டினாள். "நாலு வருஷமா ஞாயித்துக்கிழமை நான் எங்க போறேன்னு நெனச்ச?"

அவன் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தான்.

திங்கட்கிழமை நடந்ததை இங்கேயே சொல்லித் தொலைத்துவிடலாம், அது அப்படியொன்றும் பெரிய கதையில்லை. மேடம் படிவத்தை இரண்டு தடவை படித்தார். "இதை நான் என் கையில வெச்சுக்க முடியாது, மேல அனுப்பணும்" என்றார். அன்றைக்கே அடையாள அட்டை, ஒளிரும் மேற்சட்டை, விதிப்புத்தகம் மூன்றையும் திருப்பிக் கொடுத்தான். ஒருவரும் அவனை மாத்திரை என்று கூப்பிடவில்லை, எதுவுமே கூப்பிடவில்லை. ஒரு வருடம் மறுபடி பார்சல் வண்டி. நான்காவது மனுவுக்கு மேடம் அதே கேள்வியைக் கேட்டார், அவன் தலையைக் குனிந்துகொண்டே இந்தக் கதையைத்தான் பதிலாகச் சொன்னான், எடுத்துக்கொண்டார்கள். இப்போது சரக்கு வண்டி ஓட்டுகிறான். அந்த வருடம் அவனுக்குத் தண்டனையாகவே தெரியவில்லை என்பான். தண்டனை அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாளே முடிந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா அவனைக் கூட்டிப்போனது மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு அறைக்கு. சாவி அக்காவிடமே இருந்தது. உள்ளே நாற்காலியில் அந்த அம்மா, நரைத்த முடி தோளில் அவிழ்ந்து கிடக்க, காத்துக்கொண்டிருந்தார். அக்கா பையிலிருந்து சீப்பையும் எண்ணெயையும் எடுத்தாள். பேசிக்கொண்டே சிக்கெடுக்க ஆரம்பித்தாள், இவன் வாசலோடு ஒட்டி நின்றான்.

கதை முழுவதையும் அந்த அம்மாதான் சொன்னார், யாரோ ஒருத்திக்கு நடந்ததைச் சொல்வதுபோல. ஒரு மாத்திரைதான் போட்டாராம். தலை சுற்றிக் குளியலறைப் படியில் விழுந்து தோள் எலும்பு நொறுங்கிவிட்டது. கத்தக்கூடத் தெம்பில்லை. "உங்க அக்கா கதவைத் தட்டுனா பாருப்பா, அப்போ நான் தரையில கெடக்கேன். முனகுற சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டுக் கதவை ஒடைச்சா. ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்ட, நான்தான் மாத்திக் குடுத்தேன், இந்த மாத்திரைன்னு அட்டையைக் காட்டுனா. அதுக்கப்புறம்தான் அவங்க சரியான மருந்து குடுத்தாங்க. இந்தக் கைதான் தூக்க வராமப் போச்சு. தலை வாரிக்க முடியல, அதான் இவ வர்றா. வராதன்னாலும் கேக்க மாட்டா."

அக்கா பேசாமல் பின்னிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா இவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி என்ன வேலை பாக்குது?"

அக்காவின் கை நின்றது. "ரயில்ல..." என்று தொடங்கினாள்.

"இன்னும் வேலைல சேரலம்மா" என்றான் அவன்.

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பின்னலின் நுனியைக் கட்டினாள். அவன் சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து, ஜன்னல் விளிம்பில் வைத்து, மீதியிருந்த இடத்தில் எழுதினான்: இடது கை தூக்க வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் அக்கா தலை வாரி விடுகிறாள். எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.